முகம்கூடப் பார்க்காத ஒரு லெவல் டிசைனருக்காக ஒரு கேமிங் குழுவே துக்கப்படுவது சரியா? அவர் பாதியில் விட்ட மேப்பை நாங்கள் முடிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. உங்கள் குழுவுக்குப் பல வருடமாக லெவல், அதாவது கேமுக்குள் நாம் ஆடும் இடங்களின் மேப், செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டார். யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் குழுவே இடிந்துபோய்க் கிடக்கிறது. வீட்டில் உள்ளவர்களுக்கோ அது விளங்கவில்லை. இப்படித் துக்கப்படுவது இயல்புதானா என்பது ஒன்று. அவர் அரைகுறையாக விட்டுப்போன மேப்பை முடித்து வெளியிடலாமா என்பது இன்னொன்று.

முதலில், உங்களுக்கும் உங்கள் குழுவினருக்கும் என் ஆழ்ந்த இரங்கல்.

நான் டூம் என்ற துப்பாக்கிச் சண்டைக் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவன். 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த அதே பழைய டூம்தான். முப்பது வருடம் தாண்டியும் அதற்கு இன்னும் புது மேப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவ்வளவு வயதான சமூகம் என்பதால் தன்னுடைய ஆட்கள் சிலரை அது பறிகொடுத்திருக்கிறது. சாவு யாருக்கும் பழகிப்போவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை டூம் ஆட்கள் கொஞ்சம் கற்றுவைத்திருக்கிறார்கள். அதனால் என் பதில் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

"யாரென்றே தெரியாத ஆளுக்கா இவ்வளவு அழுகை?" என்று உங்கள் வீட்டில் கேட்கிறார்கள் இல்லையா? தெரியாத ஆள் என்பதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டூமின் இரண்டாம் பாகத்தில் ஆர்ச்-வைல் என்று ஒரு மான்ஸ்டர் உண்டு. செத்த மான்ஸ்டர்களை எழுப்பிவிடும். அது கையைத் தூக்கினால் அடுத்த சில நொடிகளுக்குள் அதன் பார்வையிலிருந்து நாம் மறைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிரில் பெரும்பகுதி போய்விடும். இப்போது ஒரு மேப்பர் பெரிய கூடம் ஒன்று கட்டுகிறார், நடுவில் ஆர்ச்-வைலை நிறுத்துகிறார். ஒதுங்க ஒரு தூணும் வைக்கிறார். அந்தத் தூணை எங்கே வைப்பது? பக்கத்திலேயே வைத்தால் பயமே இருக்காது. ரொம்பத் தள்ளி வைத்தால் அநியாயம். பதறியடித்து ஓடுகிறவன் எட்டிப்பிடிக்கக் கூடிய, ஆனால் ஓடத் தொடங்கும்போது எட்டாது என்று தோன்றுகிற ஒரு தூரம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், இன்னும் ஆட வராத ஒருவனின் பயத்தை அவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் அந்தத் தூணுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றபோது அவர் எனக்காக யோசித்திருக்கிறார் என்று புரிந்தது. எதிர்வீட்டில் இருபது வருடமாகக் குடியிருப்பவரைப் பற்றிக்கூட எனக்கு இந்த அளவு தெரியாது.

டூமில் இது சாத்தியமானதற்குக் காரணம் அதைச் செய்த இட் சாஃப்ட்வேர் எடுத்த ஒரு முடிவு. லெவல், படம், சத்தம் எல்லாவற்றையும் புரோகிராமிலிருந்து பிரித்து வாட் என்ற தனி ஃபைலில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் தன் வாட் ஃபைலை மேலே ஏற்றி ஆடலாம். 1994-லேயே ரசிகர்கள் மேப் எடிட்டர் எழுதிவிட்டார்கள்.

இனி டை ஹால்டர்மேன் பற்றிச் சொல்ல வேண்டும். டூம் சமூகம் 2015-இல் இழந்தவர். டீம்டிஎன்டி என்ற குழுவின் தலைவர். ஆளுக்கொரு ஊரில் இருந்த ரசிகர்கள் இணையத்தில் கூடி, எவிலூஷன் என்ற பெயரில் 32 மேப்புகள் செய்தார்கள். 1995 நவம்பரில் இலவசமாக வெளியிட வேண்டியது. வெளியிடும் நேரம் நெருங்கிவிட்ட சமயத்தில் இட் சாஃப்ட்வேர் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. 1996-இல் ஃபைனல் டூம் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இலவசமாக வரும் என்று காத்திருந்தவர்களில் பலருக்குக் கோபம். அதே 1996-இல் இக்காரஸ் என்று இன்னொரு முழுத் தொகுப்பைச் செய்து இலவசமாகவே கொடுத்தது அந்தக் குழு. 1997 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் டூமின் மூல நிரலை வெளியிட்ட பிறகு, அதை வைத்து பூம் என்ற மேம்பட்ட எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் புரோகிராமை, 1998-இல் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான். இன்றைக்கும் ஒரு மேப் வெளிவரும்போது "பூம் வடிவம்" என்று அதில் குறிப்பிடுகிறார்கள்.

எவிலூஷனின் நான்காவது மேப் வார்ம்ஹோல். ஹால்டர்மேன் செய்தது. ஒரு தளத்தைச் சுற்றிவருகிறோம், வழக்கம்போலச் சுடுகிறோம், சாவி தேடுகிறோம். ஒரு கட்டத்தில் ஒரு வாசலைக் கடந்தால் அதே தளத்தின் இன்னொரு பிரதிக்குள் நிற்கிறோம். அதே அறைகள், அதே வளைவுகள், ஆனால் நாம் விட்டுவந்த இடம் அது இல்லை என்று உடனே தெரிகிறது. டூம் எஞ்சினில் மேப் என்பது மேலிருந்து பார்த்து வரையும் தட்டையான படம்தான். உயரத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. ஒரே இடத்தை இரண்டு உலகமாகக் காட்ட எந்த வசதியும் அதில் கிடையாது. அதனால் ஒரே தளத்தை இரண்டு முறை கட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நம்மைத் தூக்கிப் போடுகிறார். அவ்வளவுதான் வித்தை. எவிலூஷனில் இதைவிட அழகான, கடினமான மேப்புகள் இருக்கின்றன. ஆனால் ஓர் எஞ்சினால் முடியாததை அதன் விதிக்குள் நின்றே செய்துகாட்டிய அந்த மகிழ்ச்சி எனக்கு இன்றும் வார்ம்ஹோலில்தான் அதிகம் கிடைக்கிறது. அவர் இறந்த செய்தி தெரிந்த அன்று ராத்திரி நான் செய்தது அந்த மேப்பை முழுதாக ஒரு தடவை ஆடியதுதான். வேறு பலரும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் மேப்பராக மட்டும் அவரைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ரசிகர்கள் செய்த வாட் ஃபைல்களையெல்லாம் சேர்த்துவைக்கும் ஐடிகேம்ஸ் காப்பகத்தைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் அவர். யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன் முதன்முதலாகச் செய்த கோணல்மாணல் மேப்பும் அங்கே போகும், தேர்ந்த கை செய்ததும் போகும். அனுப்பினால் முதலில் வரவுப் பெட்டியில் கிடக்கும். அவர் பார்த்து, உரிய இடத்தில் எடுத்துவைப்பார். கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கட்டாயம். மேப்பின் பெயர், செய்தவர் பெயர், மின்னஞ்சல், எந்த எடிட்டர், எவ்வளவு நாள் ஆயிற்று, தெரிந்த பிழைகள் என்ன, மற்றவர்கள் இதை எடுத்து மாற்றலாமா கூடாதா. இதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

1990-களின் அந்த டெக்ஸ்ட் ஃபைல்களைத் திறந்து படித்துப் பாருங்கள். என்றோ மூடப்பட்ட கல்லூரி மின்னஞ்சல் முகவரி. வெளியிடும் முன் சோதனைக்கு ஆடிப்பார்த்த தம்பிக்கு ஒரு நன்றி. எழுதியவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மேப் இருக்கிறது, இன்று காலை இறக்கி மதியம் ஆடலாம். ஒருவர் உட்கார்ந்து இத்தனை பேரின் உழைப்பை வருடக்கணக்கில் ஒழுங்காக எடுத்து அடுக்கியதால் வந்தது இது. சம்பளம் கிடையாது. அவருக்கான இரங்கலில் அவர் செய்த மேப்பை ஆடியவர்கள் மட்டும் கலந்துகொள்ளவில்லை. அவர் எடுத்துவைத்த மேப்பைச் செய்தவர்களும் கலந்துகொண்டார்கள். பலருக்குத் தங்கள் முதல் மேப்பை உலகத்தில் எடுத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அப்படிப்பட்டவரை "முகம் தெரியாதவர்" என்று எப்படிச் சொல்வது?

எஸ்பி என்ற பெயரில் மேப் செய்த ஃபின்லாந்து இளைஞர் 2009-இல் இறந்தார். சஸ்பெண்டட் இன் டஸ்க் அவருடையது. அளவில் சிறிய தொகுப்பு, நிதானமான கை. டூம் ரசிகர்களின் டூம்வேர்ல்ட் இணையதளம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 10-ஐ ஒட்டி ககோவார்ட்ஸ் என்று நல்ல மேப்புகளுக்கு விருது அறிவிக்கும். அதில் வாழ்நாள் சாதனைக்கான விருதுக்கு எஸ்பி பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இளம் வயதில் போய்விட்ட ஒருவர் பெயரில் வாழ்நாள் சாதனை விருது! இப்போது டூமுக்கு வருகிற பதினாறு வயதுப் பிள்ளைகூட, விருதுப் பட்டியல் பார்க்கும்போது "யார் இந்த எஸ்பி?" என்று கேட்டுத் தேடிப் போய் அவர் மேப்பை ஆடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல நினைவுச் சின்னம் எந்தக் கேமிங் சமூகமும் வைத்ததில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒற்றை வரி அஞ்சலிகளில் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொருவரும் அவருடைய ஒரு லெவலை எடுத்து ஆடி, அதில் எந்த இடம் தன்னை மாட்டிவைத்தது, எந்த ரகசிய அறையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று, எந்த மூலையில் நின்று சும்மா வேடிக்கை பார்த்தோம் என்று எழுதட்டும். அவர் குடும்பத்துக்கு அது போய்ச் சேர வழி இருந்தால் சேர்த்துவிடுங்கள். மகனோ கணவரோ ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அந்த வீட்டில் பலருக்கும் தெரிந்திருக்காது. இத்தனை ஊர்க்காரர்கள் அவர் கட்டிய அறைகளுக்குள் வருடக்கணக்கில் நடந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு ஒரு பெரிய ஆறுதல்.

உங்கள் கேமில் ஆட்டத்தைப் பதிவுசெய்யும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். டூமில் டெமோ என்று சொல்வோம். அது வீடியோ இல்லை. நொடிக்கு 35 முறை நாம் எந்தப் பொத்தானை அழுத்தினோம், எவ்வளவு திரும்பினோம் என்பதை மட்டும் அது குறித்துவைக்கும். திரும்பப் போடும்போது எஞ்சின் அதே அழுத்தல்களை அதே மேப்பில் மறுபடி நடத்திக்காட்டும். மேப்பில் ஒரு மான்ஸ்டரை நகர்த்திவிட்டால்கூடப் போதும், டெமோ தடம் மாறி, நாம் சுவரைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் இறந்தவரின் மேப்பில் "சின்னத் திருத்தம்தானே" என்று கை வைப்பதை டூம் ஆட்கள் விரும்புவதில்லை.

திருத்தியே ஆக வேண்டிய பிழைகளும் உண்டு. எவிலூஷனின் 31-வது மேப்பான ஃபரோவில், மஞ்சள் சாவிக்குத் தவறாக மல்ட்டிபிளேயரில் மட்டும் தோன்றும்படி குறியிட்டுவிட்டார்கள். தனியாக ஆடுகிறவனுக்கு அந்தச் சாவியே கிடையாது, முறையாக மேப்பை முடிக்க முடியாது. கடைக்கு வந்த விளையாட்டிலேயே இந்தப் பிழை இருந்தது. டீம்டிஎன்டி அந்த ஒரு மேப்பை மட்டும் சரிசெய்து தனி வாட் ஃபைலாகக் கொடுத்தது. மூல ஃபைல் தன்பாட்டுக்கு இருக்க, திருத்தம் தனியாக வந்தது. நீங்களும் இந்த வழியிலேயே போகலாம்.

பாதியில் நிற்கும் மேப்புக்கு வருகிறேன். முடிக்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் எங்காவது "என் மேப்பை யாரும் மாற்றக் கூடாது" என்று எழுதிவைத்திருக்கிறாரா என்று பழைய டெக்ஸ்ட் ஃபைல்களையும் செய்திகளையும் தேடிப் பாருங்கள். இருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. உள்ளபடியே, முடிவில்லாமலேயே வெளியிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அப்புறம், அவசரப்பட வேண்டாம். துக்கம் பச்சையாக இருக்கும்போது ஆளாளுக்கு ஓர் அறை சேர்க்கத் தோன்றும். கடைசியில் அது உங்கள் குழுவின் மேப்பாகிவிடும். அவர் வேலையை நன்றாக ஆடிப் பழகிய ஒருவர், அதிகம் போனால் இரண்டு பேர் செய்தால் போதும். அவர் ஒரு வாசலைக் காலியாக விட்டிருந்தால், அங்கே என்ன வைத்திருப்பார் என்று அவருடைய மற்ற மேப்புகளைப் பார்த்து முடிவெடுங்கள். அவர் பெயர் செதுக்கிய கல்லறை ஒன்றை நடுவில் வைக்கும் யோசனை யாருக்காவது வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை, அந்த மேப்பில் அவர் வைக்காத ஒன்று அது.

வெளியிடும்போது ஒரே ஜிப்பில் இரண்டு ஃபைல் போடுங்கள்: அவர் கடைசியாகச் சேமித்தபடி தொடாமல் ஒன்று, நீங்கள் முடித்தது இன்னொன்று. டெக்ஸ்ட் ஃபைலில் செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். எந்த அறையிலிருந்து உங்கள் கை தொடங்குகிறது என்பதைக் கீழே நன்றி வரியில் எழுதிவிடுங்கள்.