முழங்கால் வலிக்குக் கையடக்கச் சிவப்பு ஒளிக் கருவி பயன்படுமா?

மாம்பலம் ரயில் நிலைய நடைமேம்பாலப் படியேறவே சிரமப்படும் 62 வயது அம்மாவுக்கு இக்கருவியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் அது மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்துவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். சிலருக்கு வலி தற்காலிகமாக ஓரளவு தணியக்கூடும் என்பதற்கு மேல் நியாயமாக எதுவும் சொல்ல இயலாது.

விலையைப் பார்ப்பதற்கு முன் பெட்டியில் அச்சிட்டுள்ள அலைநீளத்தைப் பாருங்கள். 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பு ஒளி தோலைத் தாண்டி அதிகம் இறங்காது என்பதால், மூட்டுக்கு 810 முதல் 850 வரையிலான அகச்சிவப்பும் தேவை. இந்த அகச்சிவப்பு ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆகவே கருவி பளிச்சென்று எரிவதை வைத்து அதன் தரத்தை மதிப்பிட முடியாது. டிவி ரிமோட்டைச் சோதிப்பதுபோலப் பழைய செல்போன் கேமராவில் பார்த்தால், அகச்சிவப்புப் பல்புகள் மங்கிய ஊதாவாகத் தெரியக்கூடும்.

சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் தரும் கருவியை ஒரே இடத்தில் 2 நிமிடம் வைத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 ஜூல் ஒளி ஆற்றல் சேரும். சூடு ஒத்தடம்போல அரைமணி நேரம் வைத்திருப்பதால் பலன் கூடிவிடாது. தைலம் தடவியிருந்தால் துடைத்துவிட்டு, வெறும் தோலில் வைக்கவேண்டும், கண்ணில் படக்கூடாது. புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் வைக்கவே கூடாது. தோலின் ஒளியுணர்வைக் கூட்டும் மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்கவேண்டும். மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால், கருவியை ஒதுக்கிவிட்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.