உடன்படிக்கை ஆராதனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஆண்டின் முதல் ஞாயிறு உடன்படிக்கை புதுப்பித்தல் ஆராதனை நடக்கும். எல்லோரும் எழுந்து நின்று, அச்சடித்த ஜெபத்தைச் சேர்ந்து வாசிப்போம். சென்ற ஆண்டு அதோடு நிற்காமல், வீட்டில் பன்னிரண்டு தீர்மானங்களை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மூன்றே மாதத்தில் ஒன்பதைக் கைவிட்டாயிற்று. இந்த ஆண்டும் அதே ஜெபத்தைச் சொன்னால் கடவுளிடம் பொய் சொல்வதாகாதா என்று பயமாக இருக்கிறது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரர், "கிறிஸ்து ஒரேதரம் செய்துமுடித்த உடன்படிக்கையில் நாம் எதைப் புதுப்பிக்கிறோம்?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இந்த முறை ஆராதனை ஒழுங்கைத் தயாரிக்கும் பொறுப்பை ஆயர் என்னிடம் கொடுத்துவிட்டார். எங்கே தொடங்குவது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் குழுச் சகோதரரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் உங்கள் பயத்துக்கும், கையில் இருக்கும் வேலைக்கும் சேர்த்தே வழி பிறக்கும்.

அவர் பிடித்திருக்கும் இடம் சரியானது. எபிரெயர் நிருபம் 9, 10 அதிகாரங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது 'ஒரேதரம்' என்பதைத்தான். கிறிஸ்துவின் இரத்தத்தால் உறுதிப்பட்ட உடன்படிக்கை ஆண்டு முடிவில் காலாவதியாகும் உரிமம் இல்லை. நாம் போய் நின்று நீட்டித்துக்கொள்ளவும் தேவையில்லை. புதுப்பிக்கப்படுவது நம் பக்கம். அவர் பிடித்த பிடியை விடவில்லை. தளர்ந்துபோன நம் கையை மறுபடி அவர் கையில் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இதைக் காட்டும் இடம் யாத்திராகமம் 34ஆம் அதிகாரம். அதற்கு முன், 24ஆம் அதிகாரத்தில், மோசே உடன்படிக்கையின் புத்தகத்தை வாசிக்கிறார். கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம் என்று ஜனங்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். இரத்தத்தில் பாதி பலிபீடத்தின்மேல், மறுபாதி அவர்கள்மேல் தெளிக்கப்படுகிறது. மோசே மலையில் இருந்த நாற்பது நாளுக்குள் பொன் கன்றுக்குட்டி வந்துவிட்டது, கற்பலகைகள் உடைந்தன. பிறகு கர்த்தர் சொல்வதைக் கவனியுங்கள்: முந்தினவைகளைப் போல இரண்டு கற்பலகைகளை நீ வெட்டிக்கொள், அவற்றிலிருந்த வார்த்தைகளை நான் எழுதுவேன். கல்லை வெட்டிச் சுமந்து மலையேறுவது மனிதனின் பங்கு. எழுதுவது அவர். வார்த்தைகளும் பழையவைதான், கன்றுக்குட்டி செய்த ஜனம் என்பதற்காகப் புதிதாக ஒரு கடுமையான ஷரத்து சேரவில்லை.

உங்கள் பன்னிரண்டு தீர்மானங்களில் நடந்தது இதற்கு நேர் எதிர். வார்த்தைகளையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். தீர்மானம் எடுப்பது தவறில்லை. ஆனால் உடன்படிக்கை வேறு, பொருத்தனை வேறு, தீர்மானம் வேறு. உடன்படிக்கையில் கொடுக்கப்படுவது முழு ஆள். பொருத்தனை, குறிப்பிட்ட ஒன்றை நேர்ந்துகொள்வது. அதைச் செலுத்தத் தாமதிக்காதே, செலுத்தாமல் விடுவதைவிட நேராமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5 எச்சரிக்கிறது. தீர்மானமோ நம் பலவீனம் தெரிந்து நாம் போட்டுக்கொள்ளும் வேலி. காலை ஐந்து மணிக்கு எழவில்லை என்பதற்காக உடன்படிக்கையே முறிந்துவிட்டது என்று எண்ணுவது, வேலி சாய்ந்ததும் நிலமே போய்விட்டது என்று அழுவதற்குச் சமம்.

அப்படியானால் தீர்மானங்களை எங்கே வைப்பது? இதற்கு நெகேமியாவைவிட நல்ல பாடம் இல்லை. 9ஆம் அதிகாரத்தில், ஏழாம் மாதம் இருபத்துநான்காம் தேதி ஜனங்கள் கூடுகிறார்கள். ஒரு நாளில் கால்பங்கு நேரம் வேதவாசிப்பு, இன்னொரு கால்பங்கு பாவ அறிக்கையும் பணிந்துகொள்ளுதலும். அதன்பிறகுதான் 10ஆம் அதிகாரத்தில் கையெழுத்து. அவர்கள் ஒப்புக்கொண்டவை எவ்வளவு திட்டவட்டமானவை என்று பாருங்கள்: ஆலய ஊழியத்துக்கு ஆண்டுக்கு ஒரு சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு, ஓய்வுநாளில் சரக்கு வந்தால் வாங்குவதில்லை, பலிபீடத்துக்கு விறகு கொண்டுவரும் முறை யாருக்கு எப்போது என்று சீட்டுப்போட்டு முடிவு. எங்கள் தேவனுடைய ஆலயத்தைக் கைவிடமாட்டோம் என்பதே அந்த அதிகாரத்தின் கடைசி வரி.

13ஆம் அதிகாரத்தில் நெகேமியா வெளியே போய்த் திரும்புவதற்குள் இவற்றில் பலவும் கலைந்துவிட்டன. ஆலய ஊழியர்களான லேவியருக்குப் பங்கு கொடுக்காததால் அவர்கள் வயலுக்குப் போய்விட்டார்கள். ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று அவர் கேட்கிறார். 10ஆம் அதிகாரத்தின் கடைசி வரியில் உள்ள அதே எபிரெய வினைச்சொல் இங்கேயும் வருகிறது. லேவியர் விஷயத்தில் அவர் செய்த பரிகாரம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இன்னொரு பெரிய ஆராதனை கூட்டவில்லை. போனவர்களை வரவழைத்து அவரவர் இடத்தில் நிறுத்தினார். உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட நால்வரைப் பண்டகசாலைக்குப் பொறுப்பாக வைத்தார். உங்கள் தீர்மானங்களையும் அப்படி நடத்துங்கள். பன்னிரண்டு வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் எது, எப்போது, யாருக்குத் தெரிந்து என்ற மூன்றும் இருக்கட்டும். 'அதிகமாக ஜெபிப்பேன்' என்று எழுதினால் காப்பாற்றவும் முடியாது, மீறினோமா என்று தெரியவும் தெரியாது.

இனி ஒழுங்குக்கு வருவோம்.

முதல் காரியம், தயாரிப்பு. மெதடிஸ்ட் மரபின் முதல் உடன்படிக்கை ஆராதனையை, அந்த மரபைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நடத்தியது 1755 ஆகஸ்ட் 11, லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்த பிரெஞ்சு ஆலயத்தில். பியூரிட்டன் (இங்கிலாந்துச் சபையைத் தூய்மைப்படுத்த முயன்ற பிரிவு) போதகரான ரிச்சர்ட் அலீனின் உடன்படிக்கை வாசகத்தை அவர் வாசித்தார். ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தார்கள். இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய நாட்களை விட்டுவிடுவார்கள். ஆகஸ்ட் 6 அன்று அறிவித்து, அடுத்து வந்த காலைகளில் உடன்படிக்கை என்றால் என்ன என்று விளக்கி, வெள்ளிக்கிழமை பலர் உபவாசமிருந்து, அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைதான் அந்த ஆராதனை. இன்று பல சபைகளில் வாசலில் தாளை வாங்கி, உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் வாழ்க்கையையே ஒப்புக்கொடுக்கும் ஜெபத்தை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். முந்தைய ஞாயிறே ஜெபத்தின் பிரதியைக் கையில் கொடுத்தனுப்புங்கள். 'இதை மனதாரச் சொல்ல முடியாதவர்கள் அமர்ந்திருக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டோம்' என்ற வரியும் அதில் இருக்கட்டும். மறுக்க இடமில்லாத இடத்தில் சம்மதத்துக்கு மதிப்பில்லை. சீகேமில் யோசுவாவே, நீங்கள் கர்த்தரைச் சேவிக்கமாட்டீர்கள், அவர் பரிசுத்தமுள்ள தேவன் என்று ஜனங்களைத் தடுத்துப் பார்க்கிறார் அல்லவா?

வரிசை இப்படி அமையட்டும்: அழைப்பும் துதியும், வேதவாசிப்பும் பிரசங்கமும், பாவ அறிக்கையும் மன்னிப்பின் வாக்கும், உடன்படிக்கை ஜெபம், திருவிருந்து, ஆசீர்வாதம். வாசிப்புக்கு எரேமியா 31:31-34, யோவான் 15:1-8 இரண்டும் பொருந்தும். பிரசங்கம் பதினைந்து நிமிடத்துக்குள் முடியட்டும். அன்றைய பாரத்தைச் சுமக்கப்போவது ஜெபம்தான். லேவியராகமம் 9இல் ஜனங்களுக்காக முதலில் பாவநிவாரண பலி, பிறகு சர்வாங்க தகனபலி, பிறகு சமாதான பலி, எல்லாம் முடிந்தபின் ஆரோன் கைகளை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார். மன்னிப்பு, முழு ஒப்படைப்பு, உறவின் விருந்து என்கிற இந்த வரிசை மாறினால் ஆராதனையின் பொருளே மாறிவிடும். நேரமாகிவிட்டது என்று பாவ அறிக்கையைச் சுருக்கினால், மன்னிப்பைக் கேட்காதவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அது வெறும் மன உறுதியாகிவிடும். திருவிருந்தை முதலில் முடித்துவிட்டு உடன்படிக்கை ஜெபத்தைக் கடைசியில் வைத்தால், "இனி எல்லாம் உன் கையில்" என்ற சுமையோடு வீட்டுக்குப் போகிறார்கள். 'புதிய உடன்படிக்கை' என்று ஆண்டவர் சொன்னது பாத்திரத்தைக் கையில் கொடுத்துத்தான். நம் வாக்குக்குப் பிறகு, கடைசியில் கிடைக்க வேண்டியது அவருடைய வாக்கு.

ஜெபத்துக்கு முன் முழுதாக இரண்டு நிமிட மௌனம் வையுங்கள். நடத்துபவர் கடிகாரத்தைப் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் மேடையில் நிற்பவருக்கு நாற்பது வினாடியே இரண்டு நிமிடமாகத் தோன்றும். அந்த நேரத்தில் கீபோர்டு வாசிக்க வேண்டாம்.

ஜெபத்தின் மொழியையும் பாருங்கள். பாவ அறிக்கையில் 'நாங்கள்' வர வேண்டும். அச்சுத்தாள்களில் 'நாம்' என்று புகுந்துவிடுகிறது, கடவுளையும் பாவிகளோடு சேர்த்துவிடுகிறோம். உடன்படிக்கை ஜெபமோ எல்லோரும் சேர்ந்து சொன்னாலும் 'நான்' என்றே இருக்கட்டும். 'நான் இனி என்னுடையவன் அல்ல' என்று அச்சடித்தால் கூடியிருக்கும் பெண்கள் யாரும் அதைத் தங்கள் வார்த்தையாகச் சொல்ல முடியாது. 'நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம்' என்றால் யாவருக்கும் பொருந்தும்.

அந்த ஜெபத்தில் மிகக் கடினமான வரி, செயல்படவும் பாடுபடவும் என்னை வையும், உமக்காகப் பயன்படுத்தப்படவோ ஒதுக்கிவைக்கப்படவோ ஆயத்தமாயிருக்கிறேன் என்பது. ஊழியத்தில் முன்னால் நிற்கிறவர்கள் முதல் பாதியை உரக்கச் சொல்வார்கள். குரல் போய்ப் பாடகர் குழுவிலிருந்து விலகியவருக்கும், படுக்கையில் இருப்பவருக்கும் உரிய வரி 'ஒதுக்கிவைக்கப்படவோ' என்பதே. வேலையில்லாத நாளிலும் நான் உம்முடையது என்று சொல்ல அந்த வரி இடம் தருகிறது. ஆனால் துன்பப்படவும் என்ற பொருளில் வரும் 'பாடுபடவும்' என்பதை விளக்காமல் விடாதீர்கள். வீட்டில் அடிபடுகிற ஒரு பெண் அதைக் கேட்டு, பொறுத்துக்கொண்டிரு என்று கடவுளே சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியும். மனிதன் செய்யும் கொடுமைக்குச் சம்மதிப்பதாக இந்த ஜெபத்தில் எங்கும் இல்லை. பாதுகாப்பும் உதவியும் தேடுவது உடன்படிக்கையை மீறுவதும் இல்லை. இதை ஜெபத்துக்கு முன்பே ஆயர் வாய்விட்டுச் சொல்லட்டும். பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபை 1999இல் வெளியிட்ட ஆராதனை நூலில், எனக்கு வேலை இருக்கும்போதும் இல்லாதபோதும், கலக்கத்திலும் சமாதானத்திலும் என்ற போக்கில் அமைந்த மாற்று வாசகமும் உண்டு. உங்கள் சபைக்கு அது எளிதாக இருக்கலாம்.

அன்று காணிக்கை வாக்குறுதி அட்டைகளைக் கொடுக்க யாராவது சொன்னால், தயவுசெய்து வேறொரு ஞாயிறுக்குத் தள்ளிவிடுங்கள். உடன்படிக்கை ஜெபத்துக்குப் பத்து நிமிடம் கழித்துப் பணத்தொகை எழுதச் சொன்னால், ஜெபத்தில் கேட்டதும் அதுதான் என்று ஜனங்கள் முடிவுசெய்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு திருவிருந்து ஞாயிறில் அதே ஜெபத்தை மறுபடி சொல்ல இப்போதே நாள் குறித்துவையுங்கள்.

உங்கள் பயத்தைப் பற்றி. சென்ற ஆண்டு நீங்கள் சொன்னது பொய்யில்லை. சொன்னதைக் காக்க முடியாமல் போயிற்று. அந்தப் பன்னிரண்டு எழுதிய தாள் இன்னும் வீட்டில் இருந்தால், வேதாகமத்துக்குள் வைத்து எடுத்துவாருங்கள். பாவ அறிக்கை நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பின் வாக்கு சொல்லப்பட்டதும் மடித்துவிடுங்கள், மறுபடி நகல் எடுக்க வேண்டாம். பிறகு எழுந்து நில்லுங்கள்.

ஒழுங்கு அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், 'நாம்', 'நாங்கள்' எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்