விடுவித்தும் கைவிடாமல்: பேஸ்பால் வேவர் கேள்வி-பதில்

கேள்வி: புளூ ஜேஸ் அணி ஒரு பிட்சரை (பந்து வீச்சாளரை) ‘டி.எஃப்.ஏ.’ (designated for assignment, அதாவது பட்டியலிலிருந்து நீக்கம்) செய்ததாகச் செய்தி வருகிறது. அடுத்த வாரமே அவர் அதே அணியின் டிரிபிள் ஏ (மைனர் லீக்கின் மேல்மட்டம்) கிளையான பஃபலோவில் பந்து வீசுகிறார். நீக்கியவரை எப்படி வைத்துக்கொள்கிறார்கள்?
– வாசகி, டொராண்டோ

பதில்: அவரை நீக்கியது 40 பேர் பட்டியலிலிருந்து மட்டும்தான். அந்த 40 பேரில் 26 பேர் மேஜர் லீக்கில் ஆடுவார்கள், மற்றவர்கள் கைவசம் இருப்பார்கள். டி.எஃப்.ஏ. அறிவித்த உடனே பட்டியலில் ஓர் இடம் காலியாகும். நீக்கியவரை என்ன செய்வது என்று முடிவெடுக்க அணிக்கு 7 நாள் உண்டு. டிரேடு செய்யலாம், ஒரேயடியாக விடுவிக்கலாம், வேவரில் போடலாம், அதாவது மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ள வாய்ப்பு தரலாம். வேவர் முடிய 2 நாள் பிடிக்கும் என்பதால் 5 நாளுக்குள் போட்டாக வேண்டும்.

வேவரில் வந்தவரை மற்ற 29 அணிகளில் எதுவும் கேட்கலாம். பல அணிகள் கேட்டால், வெற்றி விகிதத்தில் ஆகக் கீழே இருக்கும் அணிக்கே அவர் போவார். ஆனால் கேட்கும் அணி அவருடைய மீதிச் சம்பளத்தை ஏற்பதோடு, தன் 40 பேர் பட்டியலிலும் இடம் தர வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் பல அணிகளைத் தயங்க வைக்கிறது. யாரும் கேட்காவிட்டால் பழைய அணி அவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிடும். பட்டியலில் இடமும் மிச்சம், ஆளும் கையில்.

கேள்வி: அப்படியானால் ஆளைப் பறிகொடுக்காமல் வேவரைத் தாண்ட வைக்க ஏதாவது வழி உண்டா?
– வாசகர், கோவை

பதில்: காலம் பார்த்துப் போடுவதுதான் முக்கியமான வழி. 60 நாள் காயப் பட்டியலில் இருப்பவர்கள் 40 பேர் கணக்கில் வரமாட்டார்கள். சீசன் முடிந்ததும் அந்தப் பட்டியல் கிடையாது. காயம்பட்டவர்களும் கணக்கில் ஏறுவார்கள். அதனால் ஜனவரியில் பல அணிகளின் பட்டியல் நிரம்பி வழியும், புதிதாக ஒருவரைக் கேட்க மனம் வராது. பிப்ரவரியில் பயிற்சி முகாம் தொடங்கியதும் காயப் பட்டியல் திறக்கும், இடங்கள் காலியாகும். ஜனவரியில் தாண்டியிருக்கக்கூடியவர் அப்போது பறிபோவார். மார்ச் கடைசியில் மறுபடியும் நெருக்கடி. எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் 26 பேரை இறுதி செய்வதால் வேவரில் கூட்டம் குவியும், கவனிக்கப்படாமல் நழுவிவிடலாம்.

அடுத்த வழி சம்பளம். விளிம்பு நிலை ஆட்டக்காரருக்கு அணியே கொஞ்சம் கூடுதலாக எழுதிக் கொடுத்தால், பிற அணிகள் கேட்க யோசிக்கும்.

‘ஆப்ஷன்’ மிச்சமுள்ள ஆட்டக்காரர்களுக்கு இந்த வித்தை எதுவும் தேவையில்லை. 3 சீசன்கள் வரை, ஒரு சீசனில் 5 முறை வரை, வேவர் இல்லாமலே மைனருக்கு அனுப்பலாம். ஆப்ஷன் தீர்ந்தவரைக் கேட்டு வாங்கும் அணிக்கும் இதே தலைவலி: 26 பேரில் இடம் தர வேண்டும், இல்லையேல் அதுவும் வேவரில் போட வேண்டும். 2018-இல் ஆலிவர் டிரேக் ஒரே சீசனில் 5 மேஜர் லீக் அணிகளுக்குப் பந்து வீசினார். அதில் கடைசி மூன்று அணிகளுக்கும் அவரைக் கொண்டுபோனது வேவர்தான்.

கேள்வி: ஆட்டக்காரர் மறுக்க முடியாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதல் முறை, 3 ஆண்டுக்குக் குறைவான மேஜர் லீக் அனுபவம் என்றால் பொதுவாக முடியாது. 3 ஆண்டைத் தாண்டியவரோ, ஏற்கெனவே ஒருமுறை இப்படி இறக்கப்பட்டவரோ மறுத்து வெளியேறலாம். மீதிச் சம்பளம் போய்விடும். 5 ஆண்டு கண்டவர் மறுத்தாலும் சம்பளம் கைக்கு வரும். 3 ஆண்டுக்கும் 5 ஆண்டுக்கும் நடுப்பிரிவினர் நிலைதான் வேதனை: சுதந்திரம் வேண்டுமென்றால் பணத்தை இழக்க வேண்டும். அதனாலேயே பலர் பேசாமல் டிரிபிள் ஏ-வுக்குப் போய்விடுகிறார்கள். அணிகளும் அதைக் கணக்கில் வைத்தே அவர்களை வேவரில் போடுகின்றன.