சேர்ந்த ஏழாவது வாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒன்பது ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு, ஏழு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அடுத்த காலாண்டில் எந்தப் பொருள் எவ்வளவு விற்கும் என்பதைப் பழைய விற்பனைத் தரவுகளிலிருந்து கணிப்பது என் துறை. அதற்கென்று ஒரு பிரிவையே தொடங்கப்போகிறோம், உங்களுக்குக் கீழே இருவர் இருப்பார்கள் என்று நேர்காணலில் சொன்னார்கள். நான் சேர்ந்த மூன்றாவது வாரத்தில், என்னைத் தேர்ந்தெடுத்த மேலாளரே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். இப்போது நான்கு பிரிவுகளிலிருந்து வரும் எக்செல் கோப்புகளை ஒன்றாக்கி, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அறிக்கையாக அனுப்புகிறேன். அதை யாரும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. கூட்டங்களில் அவர்கள் பேசும் சுருக்கப் பெயர்களில் பாதி எனக்குப் புரிவதில்லை; யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

விட்டுவிடலாமா என்று நினைக்காத நாளே இல்லை. ஆனால் ஏழு வாரத்தில் விலகினால் நிலையில்லாதவள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வருடமாவது பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்கிறார்கள் வீட்டில். பழைய அலுவலகத்து மேலாளர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பிவைத்தார். தகுதிகாண் காலம் ஆறு மாதம். அதற்குள் விலகினால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு போதும், பிறகு மூன்று மாதம் தர வேண்டும். நான் அவசரப்படுகிறேனா, தாமதிக்கிறேனா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வேறு துன்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கூட்டத்தில் பேசுவது புரியவில்லை, யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்பது ஒன்று. செய்யவந்த வேலை அங்கே இல்லை என்பது மற்றொன்று. முன்னது நாளாக ஆகத் தானே சரியாகும். பின்னது எத்தனை நாளானாலும் தானே சரியாகாது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தப்பாகத்தான் தெரியும். அதனால்தான் அவசரமா தாமதமா என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன்.

முதலாவதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது ஆண்டுகள் இருந்த இடத்தில், எந்தக் கோப்பில் பிழை இருக்கும், எந்த எண்ணை யாரிடம் கேட்டால் உடனே கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கமாக இருந்திருக்கும். அந்த அறிவு நாற்காலியோடு அங்கேயே தங்கிவிடுகிறது, கூடவே வருவதில்லை. மார்லீன் கிரேமர் என்ற ஆய்வாளர் புதிதாகப் பணியேற்ற செவிலியர்களைப் பற்றி 1974இல் எழுதியபோது, தொடக்கத்து மகிழ்ச்சிக்குப் பின் அதிர்ச்சியும், அதன் பின் மெல்ல மெல்ல மீட்சியும் வருவதை விவரித்தார். வெண்டி பாஸ்வெலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் மேலாளர்களிடம் செய்த ஆய்விலும், வேலை மாறியவுடன் உயரும் மனநிறைவு பின்னர் இறங்குவதைக் கண்டார்கள். ஆகவே ஏழாவது வாரத்தில் மனம் சோர்வது உங்கள் தேர்வு தவறு என்பதற்கோ, அந்த அலுவலகம் மோசமானது என்பதற்கோ சாட்சியாகாது. சுருக்கப் பெயர்கள் இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் வாயிலும் புழங்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவதுதான் கேள்வி. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயதில், நூல்களைச் செப்பனிடும் வேலை என்று சொல்லப்பட்டு ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் நாளே கையிருப்புப் பதிவேடு ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ளதை இன்னொரு பேரேட்டில் எழுதச் சொன்னார்கள். வரி தப்பிவிடாமல் இருக்க ஓர் மர அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒரு வரி எழுதியதும் அதை ஒரு விரல் அளவு கீழே நகர்த்துவேன். சில மாதங்களில் அடிக்கோலின் ஓரத்து எண்கள் என் கட்டைவிரல் பட்டுப் பட்டு அழிந்துபோயின. ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால் இருந்தேன். பதினான்காவது மாதத்தில், செப்பனிடும் பிரிவுக்கு எப்போது மாற்றுவீர்கள் என்று துணிந்து கேட்டேன். அந்தப் பிரிவை நான் சேர்வதற்கு முன்பே மூடிவிட்டார்கள் என்ற பதில் வந்தது. கேள்வியும் பதிலும் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என்னிடம் பொய் சொன்னவர்கள் மீது எனக்கு இருந்த கோபம் பின்னாளில் ஆறிவிட்டது. அந்த இரண்டு நிமிடத்தை முதல் மாதத்திலேயே செலவழிக்காமல் விட்டேனே என்ற வருத்தம் மட்டும் இன்றும் ஆறவில்லை.

உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்ததும் அதனால்தான். உங்களை அழைத்துவந்தவர் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்; அவருடைய இடத்தில் இருப்பவரிடம் அந்தப் பிரிவைப் பற்றிக் கேட்டீர்களா என்று எழுதவில்லை. கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்டது அந்த மனிதரின் தனிப்பட்ட ஆசையா, நிறுவனம் ஒப்புக்கொண்ட திட்டமா என்பது இன்னும் உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமல் ராஜினாமா செய்தால் அவசரம். அதைக் கேட்காமலே ஓராண்டு உட்கார்ந்திருந்தால் தாமதம்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். இனிமேல் நிலைமை மாறுமா என்று கேட்டால், மாறும், கொஞ்சம் பொறுங்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கணிப்புப் பிரிவைத் தொடங்குவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டியவர் யார், எனக்குக் கீழே சொல்லப்பட்ட இரண்டு பணியிடங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டுவிட்டதா, எந்த மாதத்துக்குள் தெரியும், அதுவரை அந்த வேலையில் எந்தப் பகுதியை நான் தொடங்கலாம் என்று கேளுங்கள். பதிலில் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருந்தால் அது பதில். பார்க்கலாம், சூழ்நிலை சரியில்லை, நீங்கள் இப்போதுதானே வந்தீர்கள் என்பவை பதில்கள் அல்ல. இரண்டாம் முறை கேட்டும் அவைதான் வந்தால், இல்லை என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த அன்றே, இன்று நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டது இது என்று நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சண்டைக்கு ஆதாரம் சேர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எழுத்தில் வரும்போது, சொன்னவரும் தாம் சொன்னது என்ன என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பார்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் துறையை நீங்கள்தான் என்னைவிட நன்றாக அறிவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். நான்கு பிரிவுகளின் கோப்புகளை ஒன்றாக்குவதை வீண்வேலை என்கிறீர்கள். ஒரு கோப்பில் தேதி ஒரு வகையில் இருக்கும், இன்னொன்றில் வேறு வகையில் இருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் இருக்கும். ஒரு வாரத்து வரிசை முழுவதும் காணாமல் போயிருக்கும். நாளைக்கே கணிப்புப் பிரிவு தொடங்கினாலும், முதல் சில மாதங்கள் இவற்றைச் சீர்படுத்துவதில்தானே கழியும்? அடித்தளம் போடுவதும் பள்ளம் தோண்டுவதும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே கட்டடம் எழுப்பும் எண்ணம் யாருக்காவது இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. ஆகவே அந்தப் பேச்சுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கையிலிருக்கும் தரவிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து, அடுத்த காலாண்டுக்கான கணிப்பை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்து அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறாரா, ஓரமாக வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை அறிக்கையைப் பற்றிக் கேட்கிறாரா என்பதிலேயே பாதி விடை உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வீட்டில் சொல்லும் ஒரு வருடக் கணக்கைப் பற்றி: அவர்கள் அக்கறையில் குறை இல்லை, ஆனால் அந்த எண்ணுக்கு எந்த அடிப்படையும் இல்லை. வேலை தேடியதும், பழைய இடத்தை விட்டதும் வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் பெரும்பாலும் அப்படிப் பேசவைக்கிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவச் சீட்டை வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் சீட்டு கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது தற்செயலாக முடிவானது, நாடகங்களும் ஒன்றே. ஆனால் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்தது எப்படியும் திரும்பப் போவதில்லை என்றாலும், கொடுத்துவிட்டோமே என்பதற்காக நாம் போய் உட்காருகிறோம். உங்கள் ஏழு வாரமும் நீங்கள் இருந்தாலும் விலகினாலும் திரும்பாது. இனி வரும் மாதங்களுக்கு மட்டுமே கணக்குப் பாருங்கள்.

அதே சமயம், இரு என்பதற்கு மரியாதைக்குரிய காரணங்களும் உண்டு. உங்கள் ஊதியத்தை நம்பிக் குடும்பம் இருந்தால், கையில் சில மாதச் சேமிப்பு இல்லாவிட்டால், அடுத்த வேலையின் நியமனக் கடிதம் வருமுன் விலக வேண்டாம். உள்ளேயே இருந்துகொண்டு தேடுங்கள். ஊதியத்தை நிறுத்திவைக்கிறார்கள், பொய்யான கணக்கில் கையெழுத்துக் கேட்கிறார்கள், உடலோ மனமோ நொறுங்குகிறது என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அன்றே வெளியேற வேண்டும். உங்கள் நிலைமை அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை.

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், பெரிய முடிவொன்றை எடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டவைத்து ஓர் ஆய்வு செய்தார். வேலையை விடலாமா என்பதும் அவர்களுடைய கேள்விகளில் ஒன்று. 2021இல் ஆய்விதழில் வெளியான அதன் முடிவின்படி, நாணயம் மாற்றத்தைக் காட்டியதால் மாறியவர்கள் ஆறு மாதத்துக்குப் பின், மாறாதவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். எல்லோரும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே இரண்டு மனத்தோடு இருந்தவர்கள். ஆனால் நெடுநாளாக இரண்டு மனத்தோடு இருப்பவர்கள் இருக்கும் இடத்துக்கே கூடுதல் எடை கொடுத்துவிடுகிறார்கள் என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

தகுதிகாண் காலம் நிறுவனம் உங்களைப் பார்ப்பதற்கு மட்டுமானதல்ல, நீங்கள் நிறுவனத்தைப் பார்ப்பதற்கும் உரியது. சாப்போஸ் என்ற காலணி விற்பனை நிறுவனம், பயிற்சிக் காலத்திலேயே விலக விரும்பும் புதியவர்களுக்குப் பணம் கொடுத்து வழியனுப்பியது. மனமில்லாத ஒருவர் நெடுநாள் இருப்பதைவிட அது தங்களுக்கு நல்லது என்று அவர்கள் நினைத்தார்கள். பதினைந்து நாள் முன்னறிவிப்பு போதும் என்ற வசதி ஆறாவது மாதத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அடுத்த இரண்டு வாரத்துக்குள் பேசுங்கள். தேதி சொன்னார்கள் என்றால் அந்தத் தேதி ஐந்தாவது மாதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் விலகுங்கள். நியமனக் கடிதத்தை அதற்கு முன் ஒருமுறை முழுவதும் படியுங்கள். பயிற்சிச் செலவையோ, சேரும்போது தந்த தொகையையோ திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் ஒளிந்திருக்கக்கூடும்.

பெயர் கெட்டுவிடும் என்ற பயம் தேவையற்றது. ஒன்பது ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தவரை, ஒரு குறுகிய பணிக்காக யாரும் நிலையில்லாதவர் என்று சொல்ல மாட்டார்கள். அடுத்தடுத்து மூன்று இடங்களில் இப்படி நேர்ந்தால்தான் கேள்வி வரும். தன்விவரக் குறிப்பில் சில வாரப் பணியைச் சேர்க்காமல் விடலாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் எல்லாப் பணிகளையும் கேட்டால் மறைக்காதீர்கள். என்னைத் தேர்ந்தெடுத்தவர் விலகியபின் அந்தப் பிரிவு தொடங்கப்படவில்லை, நான் கேட்டுத் தெரிந்துகொண்டு விலகினேன் என்று சொன்னால் போதும். அதற்கு மேல் அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

கடைசியாக, பழைய மேலாளர். இத்தனை விவரங்கள் எழுதிய நீங்கள், ஒன்பது ஆண்டுகள் இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போதைய மனச்சோர்வில் அந்த இடம் உள்ளதைவிட இனிமையாகத் தெரிவது இயல்பு. அவரைத் தொலைபேசியில் அழைப்பதற்கு முன், அந்தக் காரணத்தை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். அது இன்னும் அங்கேயே இருக்கிறது என்றால் அவரை அழைக்க வேண்டாம், வேறு இடம் தேடுங்கள். இல்லை என்றால், உங்கள் புதிய மேலாளரிடம் பேசி முடித்த பிறகு அழைத்து, உங்கள் பழைய இடத்தில் யாரையாவது நியமித்துவிட்டார்களா என்பதை முதலில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.