பர்மிங்காமில் முதல் வாளி பீர்: குடியாத்தம் தம்பிக்கு

குடியாத்தத்திலிருந்து குடும்பத்தோடு பர்மிங்காம் வந்திருக்கும் தம்பி, கூட வேலை செய்பவர் வீட்டிலேயே பீர் போடுவதைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி சரியா, கண் போய்விடாதா, எதிலிருந்து தொடங்குவது?

நானும் காட்பாடிக்காரன்தான், அந்த இரண்டாவது கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அத்தனை பேரைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால், கண்ணைப் பறிக்கும் விஷம் அதுதான். பார்லியைப் புளிக்கவைத்து அப்படியே குடிக்கிற பீரில் அந்த ஆபத்து இல்லை. காய்ச்சி வடிப்பது வேறு வேலை, உரிமம் இல்லாமல் செய்தால் இங்கேயும் குற்றம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டில் பீர் போட 1963 வரை இந்த நாட்டிலும் உரிமம் கேட்டார்கள். அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். இப்போது சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், விற்கக் கூடாது. ஊரில் அப்படி இல்லை. நம் வட ஆற்காட்டுக்கு மதுவிலக்கு வந்தது 1939-இல். அதற்கு வழி செய்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் மதுக்கடைகள் திறந்த பிறகும் நடப்பில் இருக்கிறது. லீவில் போகும்போது மொட்டைமாடியில் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினால் போலீஸ் கேஸ்தான்.

சரி, வேலைக்கு வருவோம். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி கொடுப்பார்கள் அல்லவா, பார்லிக்கும் அதே பக்குவம்தான். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும். முளைப்பார்லியை 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுக்கப் பெரிய பாத்திரமும் அரை நாள் பொழுதும் வேண்டும், முதல் தடவைக்கு அது வேண்டாம். சுண்டவைத்த சாற்றை டப்பாவில் அடைத்து, ஈஸ்ட் பொட்டலத்தோடு கிட் என்று விற்கிறார்கள். 23 லிட்டர் வரும். வாளி 30 லிட்டராக இருக்கட்டும், நுரை எழும்ப இடம் வேண்டும். வாடகை வீட்டில் கார்ப்பெட் இருந்தால் வாளியை ஒரு பெரிய டப்புக்குள் வையுங்கள். பொங்கி வழிந்தால் அட்வான்ஸ் பணம் முழுசாகத் திரும்பி வராது.

தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பால் கிணறு கெட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வாயில் வைத்ததும் தண்ணீரைச் சொல்லிவிடுவோம். பக்கத்து பர்ட்டன் ஊர் பீருக்குப் பேர் வாங்கியதே ஜிப்சம் நிறைந்த அதன் கிணற்றுநீரால்தான். பர்மிங்காமுக்கு வருவது வேல்ஸ் நாட்டு எலன் பள்ளத்தாக்கின் மென்னீர், கிட்டுக்கு அது போதும். ஆனால் குழாய்நீரில் குளோரின் உண்டு. விட்டுவைத்தால் பீரில் ஆஸ்பத்திரி மருந்து வாடை ஏறிவிடும். கேம்ப்டன் மாத்திரை அரை நசுக்கி வாளித் தண்ணீரில் போட்டால் குளோரின் போய்விடும்.

வாளி, கரண்டி, குழாய், மூடி என்று சாற்றில் படும் எதையும் முதலில் கழுவி, பிறகு கிருமிநாசினியில் நனைத்து எடுங்கள். இதில் சோம்பல்பட்டால் மற்ற எல்லாம் வீண். ஏல் என்கிற பீர் வகைக்கான ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி சூடு வேண்டும். இங்கே ஹீட்டர் இரவில் அணைந்து காலையில் எரியும், ஈஸ்டுக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி நல்ல இடம்.

அவசரம் கூடாத இடம் பாட்டிலில் அடைப்பதுதான். டப்பாவில் ஐந்தாறு நாள் என்று போட்டிருந்தாலும் இரண்டு வாரம் விடுங்கள். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அளவு இறங்கும். முதல் நாள் 1.040 காட்டினால் முடிவில் 1.010-க்கு இறங்கும், அது ஏறக்குறைய 4 சதவீத ஆல்கஹால். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறாமல் நின்றால்தான் அடைக்கலாம். இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடைத்தால் உள்ளே வாயு ஏறிக் கண்ணாடி வெடிக்கும். வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது, அதனால் முதலில் பழுப்பு நிற பிளாஸ்டிக் பாட்டிலே போதும். பீரில் வாயு ஏற அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை மட்டும் போட்டு மூடி, தினம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். முதலில் விரலுக்குக் குழையும் பாட்டில், சில நாளில் கல் மாதிரி இறுகும். இரண்டு வாரம் கதகதப்பில், அப்புறம் இரண்டு வாரம் குளிர்ந்த இடத்தில்.

இன்னொன்று, அண்ணனாகச் சொல்கிறேன். 23 லிட்டர் என்பது 40 பைன்ட். மனைவிக்கு நைட் ஷிஃப்ட், குழந்தை தூங்கிவிட்டது, வெளியே நாலு மணிக்கே இருட்டு என்கிற குளிர்காலத்தில் அவ்வளவு பாட்டில் வீட்டில் இருப்பது நல்லதில்லை. பாதியை அந்த வேலையிடத்து நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நாலரை லிட்டர் ஜாடிக்கான சின்ன கிட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். எதை வாங்கினீர்கள், முதல் நாள் ஹைட்ரோமீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.