ஆறு குடித்தன வளவு 1.40 கோடி: வாங்கி இடித்துக் கட்டினால் லாபமா?

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம், மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஐந்தரை சென்ட்டில் ஆறு குடித்தனம் உள்ள பழைய வளவு விலைக்கு வந்திருக்கிறது. 1.40 கோடி சொல்கிறார்கள். நான்கு வீடு வாடகை, தலா 6,500. இரண்டு வீடு ஒத்தி (மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது), தலா 4 லட்சம். "இப்போதைக்கு வாடகை வாங்குங்க, அப்புறம் இடிச்சுட்டு 4,800 சதுர அடிக்கு ஃபிளாட் போடலாம்" என்கிறார் புரோக்கர். அப்பா காலமாகிவிட்டதால் அண்ணன் தம்பி மூவரும் கையெழுத்துப் போடுவார்களாம். 80 லட்சம் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். சரிவருமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம்.

வாடகை மாதம் 26,000, வருடத்துக்கு 3.12 லட்சம். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், ஓட்டுக்கூரை ஒழுகல், இடையில் வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் போக 2.6 லட்சம் நின்றால் பெரிது. நீங்கள் போடும் பணமோ 1.40 கோடியோடு முடியாது. முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, இரண்டும் சேர்ந்து 12.6 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு கிரய விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய ஒத்தி 8 லட்சத்தையும் சேர்த்தால் 1.606 கோடி. வருமானம் 1.6%தான். 80 லட்சத்துக்கு 9% வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 81,100. வாடகை அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

ஒத்திப் பணத்தை "ஓனர் பார்த்துக்குவார்" என்று விடாதீர்கள். பத்திரத்தாளில் எழுதிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்ட ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் ஆள் வீட்டில் குடியிருந்தாலே, அவர் உரிமை உங்களுக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆறு வீட்டுக்கும் நேரில் போய், யார் எவ்வளவு அட்வான்ஸ் அல்லது ஒத்தி கொடுத்தார், எந்தத் தேதியில், கெடு எப்போது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தொகையை விலையில் கழித்து, கிரயப் பத்திரத்திலேயே குறிப்பிட வேண்டும். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த பிறகுதான் கிரயம் என்று நின்றால் இன்னும் நல்லது. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யக் கேட்க 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஒருவர் மறுத்தாலும் வாடகை நீதிமன்றம் போக வேண்டும். அதுவரை தவணை ஓடும்.

இனி அந்த 4,800. ஐந்தரை சென்ட் என்பது 2,396 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்று பெருக்கி அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார். பெருக்கல் சரி, இடம்தான் தப்பு. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டால் மேலே இரண்டு தளம்தான். சுற்றிலும் இடம் விட்டு தளத்துக்கு 1,800 என்றால் மொத்தம் 3,600 சதுர அடி. தெரு அகலம் குறைந்தால் இதுவும் சுருங்கும். டேப் வைத்து அளந்து, மாநகராட்சியில் பதிவு பெற்ற பொறியாளரிடம் ஒரு மாதிரி வரைபடம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கட்டுமானம் சதுர அடிக்கு 2,400 என்று வைத்தால் 86.4 லட்சம். 1.606 கோடியோடு கூட்டினால் சதுர அடிக்கு அடக்கமே சுமார் 6,860, வட்டி தனி. அந்தப் பகுதியில் புது ஃபிளாட் 6,500க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைத் தொகை 2.34 கோடி. அதில் லாபத்துக்கும் தாமதத்துக்கும் 15%, கட்டுமானச் செலவு, ஒத்தி 8 லட்சம் மூன்றையும் கழித்து, மீதியை, விலையோடு 9% பத்திரச் செலவும் சேரும் என்பதால், 1.09ஆல் வகுத்தால் 96 லட்சம் வருகிறது. நீங்கள் தரக்கூடிய விலை அதுதான். ஒத்தியை விற்பவரே தீர்த்துக் கொடுத்தால் 1.03 கோடி வரை போகலாம். உண்மையான ஃபிளாட் விலையை நாலு இடத்தில் விசாரித்து இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

பத்திரத்தில் முதலில் கேட்க வேண்டியது: இவர்களுக்கு அக்கா தங்கை இல்லையா, அம்மா இருக்கிறாரா? இந்துக் குடும்பமாக இருந்து, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போயிருந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணமாகிப் போன மகளும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்றைக் கேளுங்கள். பழைய ஊருக்குள் அடிமனை கோயிலுக்குச் சொந்தமாக இருந்து, மேலே உள்ள கட்டடத்தை மட்டும் விற்பதும் உண்டு. தாய்ப்பத்திரத்தையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் வக்கீல் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தராதீர்கள்.

கடனுக்கு வங்கி பிளான் அப்ரூவல் கேட்கும். பல பழைய வளவுகளுக்கு அது இருக்காது. வங்கி கைவிரித்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். மொத்த விலை 50 லட்சத்துக்குக் குறையாததால், ஒவ்வொருவர் பங்கும் அதற்குக் கீழே இருந்தாலும், 1% டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வாரிசில் யாராவது வெளிநாட்டில் குடியேறியிருந்தால் இந்த 1% அவருக்குப் பொருந்தாது. அவர் பங்குக்குப் பிடித்தம் மிக அதிகம். பணம் கைமாறும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.