எனாமல் வேண்டாம், அவசரமும் வேண்டாம்: பள்ளிச் சுவரில் படம் வரையும் முன்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன் ஐயா. முன்பு பேனர், கட்-அவுட் எழுதிய எங்கள் ஊர் ஓவியர் ஒருவர், பள்ளிச் சுவரில் படம் வரைந்து தருகிறேன் என்கிறார். கூலி வேண்டாமாம், எனாமல் பெயிண்ட் மட்டும் வாங்கித் தரச் சொல்கிறார். சுவர் 24 அடி நீளம், 9 அடி உயரம். மேலே அடித்த சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறது, கீழே உப்பு பூத்திருக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் வரைந்தது ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிட்டது. எங்களுக்கும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் ஓவியர் எனாமல் கேட்பதில் வியப்பில்லை. தகரத்திலும் பலகையிலும் ஆயுள் முழுக்க அதில்தான் எழுதியிருப்பார், அங்கே அது சரியான பெயிண்ட்தான். சுவர் வேறு. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எனாமல் அதன் மேல் ரப்பர் தோல் போலப் படிந்து வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கும் ஈரம் அந்தத் தோலைத் தள்ள, முதலில் கொப்புளம், அப்புறம் உரிதல். பக்கத்து ஊரிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய டப்பாக்களை, எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும், பிள்ளைகள் கை வைக்கும் சுவரில் அடிக்காதீர்கள்.

முதலில் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மூலையில் ஆணியால் ஆழமாகக் கீறுங்கள். சாம்பல் நிறமாக வந்தால் சிமென்ட் பூச்சு. வெள்ளையாக, மெத்தென்று உதிர்ந்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு. உங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இரண்டுமே உண்டு.

சிமென்ட் என்றால், கையில் ஒட்டும் சுண்ணாம்பு முழுவதையும் தண்ணீர் தெளித்துக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். இதில் சோம்பல் பட்டால் மேலே எந்தக் கம்பெனி பெயிண்ட் அடித்தாலும் அது சுவரில் ஒட்டாது, சுண்ணாம்புத் தூளில்தான் ஒட்டும். நன்றாகக் காய்ந்தபின் வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட், அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட். எங்காவது புதிதாகப் பூசியிருந்தால் அந்த இடத்துக்கு 28 நாளாவது விடுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சு என்றால் நான் எமல்ஷனையும் தவிர்ப்பேன். தட்டிப் பார்த்துப் பொக்குச் சத்தம் வரும் இடங்களை மட்டும் கொத்திவிட்டுச் சுண்ணாம்பாலேயே பூசச் சொல்லுங்கள். சிமென்ட் ஒட்டுப்போட்டால் அதைச் சுற்றித்தான் ஈரம் கசியும். படத்தையும் சுண்ணாம்பு நீரில் நிறம் கலந்தே எழுதலாம். காவி, மஞ்சள் காவி, கறுப்பு, பச்சை ஆக்சைடு எல்லாம் தாங்கும். ஆத்தங்குடித் தரைக் கல்லில் போடுவதும் ஆக்சைடு நிறங்கள்தானே. சுண்ணாம்பின் காரத்தில் வெளுக்கும் நிறங்களை அங்கே போட முடியாது, இங்கேயும் அதே கதை. நிறத்தூள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் காய்ந்தபின் கையோடு வரும். பேனரின் பளபளப்பு இதில் கிடைக்காது, ஓவியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து உப்பு. அதைக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். அப்படியும் அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். அதனால் கீழே மூன்று அடியைப் படத்துக்கு எடுத்துக்கொள்ளவே வேண்டாம். வெறும் காவிப் பட்டையாக விட்டு ஆண்டுதோறும் சுண்ணாம்பில் அடித்துக்கொள்ளுங்கள். மழைத் தெறிப்பும் பிள்ளைகள் உதைப்பதும் அதோடு போகும்.

மிச்சம் ஆறு அடி, 144 சதுர அடி. எமல்ஷன் என்றால் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்து, அடித்தளத்துக்கு மூன்று லிட்டர் போதும். படத்துக்கான நிறங்கள் தனி.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள். உட்புறம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. மாசி, பங்குனி தோதாக இருக்கும். சித்திரையில் சுவர் கொதிக்கும், பிரஷ் இழுக்கும் முன்பே பெயிண்ட் காய்ந்துவிடும். மே விடுமுறையில் வரைந்தால் இடைஞ்சல் இல்லைதான். ஆனால் ஒரு ஆள் நூலடித்துக் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்குவதைப் பிள்ளைகள் பார்க்காமல் போய்விடுவார்களே.

என்ன வரைவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டிவி பொம்மைகள் வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் உண்டு. ஓவியரை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அதே கண்ணோடு உங்கள் ஊர் ஊரணியை வரையட்டும். நத்தை, எறும்பு, தவளை போன்ற சின்ன உருவங்கள் மூன்றடிக்கு மேலேயே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக வரட்டும். எழுத்து எழுதினால், பெயிண்ட் தொடும் முன் சாக்பீஸில் எழுதியதை இரண்டு ஆசிரியர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

கூலி வேண்டாம் என்கிறாரா? பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு நாள் கூலியாவது கொடுங்கள். ஃபிளெக்ஸ் வந்தபின் இப்படிப்பட்டவர்களுக்கு வேலை எவ்வளவு குறைந்தது என்று உங்களுக்கே தெரியும். சுரண்டித் தேய்க்கும் வேலைக்குத் தனி ஆள் வையுங்கள், அதையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

முடிந்ததும் மூலையில் அவர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். எந்த நிறத்தில் எது எவ்வளவு கலந்தது என்று ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு எருமையின் கொம்பு உரிந்தால் தேடி அலைய வேண்டியிருக்காது.